ஏர் கன்னுக்குப் புது ஸ்பிரிங்: பணம் வீணா?

தென்பெண்ணை ஆற்றின் கரையில் இருக்கிறது மூங்கில்துறைப்பட்டு. கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ள ஊர். சுற்றிலும் கரும்புக் கொல்லைகள். மேற்கே கல்வராயன் மலை.

இந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் பலூன் சுடும் கடையைப் பார்க்கலாம். பலகையில் வரிசையாகப் பலூன்கள். கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி. "டப்" என்று ஒரு பலூன் வெடித்தால் போதும். பையன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுப்பான். "எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்பா!"

சில அப்பாக்கள் வாங்கியும் கொடுக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவு. மூன்று மாதம் ஆனதும் அடுத்த கேட்பு வரும். "இதில் வேகம் இல்லை. பெரிய ஸ்பிரிங் போட வேண்டும். டெலஸ்கோப் மாட்ட வேண்டும்."

கொடுக்கலாமா?

உள்ளே என்ன இருக்கிறது?

தொடக்கக்காரர் வாங்கும் ஏர் கன்னில் வெடிமருந்து கிடையாது. குழாயை மடக்கினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருங்கும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விரியும். அது பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். அந்தக் காற்று சிறிய ஈயக் குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். சைக்கிள் பம்பு வேலை செய்வது போலத்தான்.

பெரிய ஸ்பிரிங் போட்டால் வேகம் கூடும். அது உண்மை. ஆனால் அதோடு வேறு சிலவும் கூடும்.

மடக்குவது கடினமாகும். பிஸ்டன் முன்னே போய் மோதும்போது துப்பாக்கி பலமாக உதறும். குண்டு குழாயை விட்டு வெளியே போவதற்கு முன்பே இந்த உதறல் தொடங்கிவிடுகிறது. குறி தவறும். பிஸ்டனில் உள்ள வாஷர் சீக்கிரம் தேயும். விலை குறைந்த டெலஸ்கோப் இந்த உதறலைத் தாங்காது. அதன் கண்ணாடி ஆடிப் போகும்.

பணம் கொடுத்து வேகத்தை வாங்கலாம். குறியை வாங்க முடியாது.

தங்கம் வென்ற துப்பாக்கி

2008-ம் ஆண்டு. சீனாவின் பெய்ஜிங் நகரில் ஒலிம்பிக் போட்டி. 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வென்றார். தனி நபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

அந்தப் போட்டியில் 10 புள்ளி தரும் நடுப்பொட்டு எவ்வளவு பெரியது தெரியுமா? வெறும் அரை மில்லி மீட்டர்! பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான்.

அதைச் சுடும் துப்பாக்கி பயங்கர வேகம் கொண்டது என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. பையன்கள் ஆசைப்படும் பெரிய ஸ்பிரிங் துப்பாக்கி இதைவிட வேகமானது! போட்டித் துப்பாக்கியின் விலை எல்லாம் வேகத்துக்கு அல்ல. உதறாமல் இருப்பதற்கும், மென்மையான விசைக்கும், நேரான குழாய்க்கும்தான்.

மூங்கில்துறைப்பட்டைத் தாண்டி ஓடும் தென்பெண்ணை, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அந்தக் கடலூரில் 1999-ல் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். வளர்ந்தது ஆமதாபாத்தில். 2019-ல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பையில் இதே ஏர் ரைபிள் போட்டியில் தங்கம் வென்றார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 10-வது இடம் பெற்றார். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச் சுற்று. மயிரிழையில் போனது!

சட்டம் நிற்கும் இடம்

இன்னொரு விஷயம். இதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லி மீட்டர் குழாயும் 20 ஜூல் வரை சக்தியும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் உரிமம் வேண்டும்.

ஜூல் என்றால் என்ன? 1 கிலோ எடையை 10 சென்டி மீட்டர் உயரம் தூக்கும் சக்தி ஏறக்குறைய 1 ஜூல்.

அரை கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல். அதே குண்டு 300 மீட்டர் வேகத்தில் போனால் 15 ஜூல் என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டரை ஜூல்! வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் சக்தி இரண்டே கால் மடங்கு ஆகிறது. வீட்டில் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதியதை மாட்டிய பையன், தன்னை அறியாமலே சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிடலாம்.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைப் போலீசார் தேடிப் பிடிக்கும் பகுதி கல்வராயன் மலை. அங்கே "இது விளையாட்டுக்கு" என்று சொன்னால் எடுபடுமா?

கொக்கு, கிளி, மைனாவைச் சுடுவதும் குற்றம்தான். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் பறவைகளைக் காப்பாற்ற 2021-ல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். மக்கள் தாங்களாகவே முன்வந்து ஏர் கன்களை ஒப்படைத்தார்கள்.

எதற்குச் செலவு செய்யலாம்?

முதலில் ஒரு சோதனை. 10 மீட்டர் தூரத்தில் அட்டையை வையுங்கள். துப்பாக்கி தாங்கும் கையை மணல் மூட்டை மேல் வைத்து, ஒரே புள்ளியைப் பார்த்து 5 குண்டு சுடச் சொல்லுங்கள். பிறகு மூட்டை இல்லாமல் 5 குண்டு.

மூட்டை மேல் சுட்டவை நெருக்கமாகவும், கையில் பிடித்துச் சுட்டவை சிதறியும் இருந்தால், துப்பாக்கியில் குறை இல்லை. பழக்கம் போதவில்லை. காசை எடுக்க வேண்டாம்.

இரண்டும் சிதறினால் குண்டை மாற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாய்தான். மட்டமான குண்டுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. பலருக்கு இதிலேயே குறை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் வாஷரைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றலாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், கம்பெனி போட்ட அதே அளவு ஸ்பிரிங்கை வாங்குங்கள். இது நியாயமான செலவு.

குண்டு போடாமல் விசையை இழுப்பதை நிறுத்த வேண்டும். தடுக்கக் குண்டு இல்லாததால் காற்று ஓடிவிடும். பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும். உள்ளே எண்ணெயை ஊற்றுவதும் கூடாது. நெருங்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் தீப்பிடித்து வெடிக்கும்.

மிச்சப் பணத்தில் கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கலாம். அட்டைக்குப் பின்னால் மணல் நிரப்பிய பெட்டி ஒன்று வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். குண்டு ஈயம். அது விரலில் ஒட்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகுதான் பையன் சோற்றில் கை வைக்கலாம்.