ஒரு சேர்வர், இரு முகவரிகள்

கடையிலும் களஞ்சியத்திலும் வைஃபை வைத்திருக்கும் வியாபாரிகள் பலர், ஊழியர் அனைவருக்கும் ஒரே கடவுச்சொல்லையே கொடுத்து விடுகின்றனர். ஊழியர் ஒருவர் விலகும்போது அக்கடவுச்சொல்லும் அவருடனேயே போய்விடுகிறது. வாடிக்கையாளரின் கணக்கு வழக்குகள் நம்மிடமுள்ள அமானிதம். எனவே ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வழங்கி, விலகியவரின் கணக்கை மாத்திரம் மூடுவதே சிறந்தது. இப்பணியைச் செய்வது ‘ரேடியஸ்’ எனப்படும், அடையாளத்தைச் சரிபார்க்கும் சேர்வராகும். இதற்கான ‘ஃப்ரீரேடியஸ்’ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சிறிய கடைக்குச் சாதாரண கணனியொன்று போதும்.

கடைக்கும் களஞ்சியத்துக்கும் வெவ்வேறு வலையமைப்புகள் இருந்தாலும் இரண்டு சேர்வர்கள் தேவையில்லை. ஒரே கணனிக்கு இரண்டு ஐ.பி. முகவரிகளை வழங்கலாம். உதாரணமாக, கடைப் பக்கம் 192.168.10.5, களஞ்சியப் பக்கம் 192.168.20.5 என வைத்துக் கொள்வோம். எந்த முகவரிக்கு வரும் கேள்விகளுக்குச் சேர்வர் செவிமடுக்க வேண்டும் என்பதை அதன் அமைப்புக் கோப்பிலுள்ள ‘லிசன்’ எனும் பகுதியே தீர்மானிக்கிறது.

மென்பொருளை நிறுவியதும் அவ்விடத்தில் நட்சத்திரக் குறியே காணப்படும். ‘எல்லா முகவரிகளிலும் செவிமடு’ என்பது அதன் பொருள். வேலை நடக்கும்தான். ஆனால், அக்கணனிக்கு இணையத்தை நோக்கிய முகவரியும் இருந்தால் அந்தக் கதவும் திறந்தே கிடக்கும். ரேடியஸ் முறையிலேயே இருந்த பலவீனமொன்று 2024 ஜூலையில் வெளிப்படுத்தப்பட்டது. ஆகவே புதிய பதிப்பைப் பாவிப்பதுடன், தேவையான முகவரிகளை மட்டும் திறப்பதே பாதுகாப்பானது.

ஒரு லிசன் பகுதியில் இரு முகவரிகளை எழுதக் கூடாது. முதற் பகுதியைப் பிரதி செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு முகவரியை இடவேண்டும். அடையாளச் சரிபார்ப்புக்கு 1812ஆம் இலக்கத் துறையும், பாவனைக் கணக்கைப் பதிய 1813உம் வழமையாகும். பாவனையையும் பதிவதானால் அதற்கும் முகவரிக்கொன்றாக லிசன் பகுதி வேண்டும்.

உங்கள் தொழில்நுட்பவியலாளரிடம் மேலும் மூன்று விடயங்களைக் கேட்டறியுங்கள். முதலாவது, இரு முகவரிகளும் கணனியில் நிரந்தரமாகப் பதியப்பட்டுள்ளனவா? எழுதிய முகவரி கணனியில் இல்லாவிட்டால் சேர்வர் இயங்க மறுக்கும். இரண்டாவது, ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் வெவ்வேறு இரகசியச் சொல் கொடுக்கப்பட்டுள்ளதா? மூன்றாவது, மாற்றத்தின் பின்னர் சேர்வரை மீள இயக்கி, இரு பக்கங்களிலிருந்தும் பரீட்சித்தாரா? ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால், மறுநாள் காலையில் களஞ்சியம் முடங்கிவிடும்.