தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பணிச்சோர்வும் சட்டத்தின் அளவுகோலும்

முன்னுரை

ஆசிரியர் ஒருவர் பணியைத் துறக்க எண்ணுவதை மனவுறுதிக் குறைவாகக் கருதும் போக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனமோ 2019இல் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல், முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாக வரையறுத்தது. அவ்வரையறையின் துணைகொண்டு, தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பணிச்சுமையைச் சட்டம் அளவிடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பணிச்சோர்வின் கூறுகள்

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வை உணர்வு வறட்சி, பிறரிடமிருந்து விலகும் மனநிலை, தம் பணியால் பயனில்லை என்னும் எண்ணம் என மூன்றாகப் பகுக்கிறார். மாணவரை எண்ணிக்கையாக மட்டும் காணத் தொடங்குவது இரண்டாம் கூறின் வெளிப்பாடாகும்.

சட்டத்தின் அளவுகோல்

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 60 மாணவர் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை வகுத்துள்ளது. இங்கு மாணவர் தொகையே அளவுகோல். வகுப்புகளின் தொகை அன்று. 30 மாணவரே பயிலினும் வகுப்புகள் ஐந்து. ஒவ்வொன்றிற்கும் பாடங்கள் வேறு. எனவே ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று வகுப்புகளைக் கவனிக்க நேர்கிறது.

வாரத்திற்கு 45 மணி நேரம் என்னும் வரையறை, கற்பித்தலையும் அதற்கான ஆயத்தத்தையும் உள்ளடக்கியது. பதிவேடுகளுக்கும், தமிழகத்தில் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் தரவுகளைப் பதிவேற்றுவதற்கும் அதில் தனி நேரம் சுட்டப்படவில்லை. பிரிவு 27 கல்விசாராப் பணிகளைத் தடுப்பினும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு விலக்களிக்கிறது. பதிவேற்றமோ பள்ளி நிருவாகத்தின் பகுதியாகவே நடைபெறுவதால், அத்தடையின் பார்வைக்கு எளிதில் வருவதில்லை.

முடிவுரை

அளவுகோலுக்குள் வராத உழைப்பே சோர்வாகத் திரள்கிறது. ஆதலின் ஊக்கவுரைகள் மட்டும் இதற்குத் தீர்வாகா. ஆசிரியர் பணியிடங்களை வகுப்புகளின் தொகையையும் கருத்திற்கொண்டு வகுப்பதும், பதிவுப் பணிக்குத் தனிப் பணியாளரை அமர்த்துவதும் முதன்மைத் தேவைகளாகும்.