கல்லும் சங்கிலியும்

தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரம், அரூர், பாலக்கோடு வட்டாரங்களில் உயர்ந்த ரகக் கருங்கல் கிடைக்கிறது. மெருகேறிய பின் வீடுகளின் தரையாகவும் சமையலறை மேடையாகவும் அமைவது இத்தகைய கல்லே. மலையை விட்டு வீடு வந்து சேருமுன் அதை எத்தனை தடவை தூக்கி இறக்குகிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு கன மீட்டர் கல்லின் எடை 2,700 முதல் 3,000 கிலோ வரை இருக்கும். பத்து டன் பாறை இத்தொழிலில் சாதாரணம். குவாரியிலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து அறுக்கும் யந்திரத்துக்கும் அதை மாற்றும்போதுதான் கை நசுங்குகிறது, கால் ஒடிகிறது, சில சமயம் உயிரே போகிறது. இதைத் தலைவிதி என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் பல விபத்துக்கள் கணக்கில் அடங்குபவை.

பத்து டன் கல்லை இரு சங்கிலிகள் செங்குத்தாகத் தூக்கினால், ஒவ்வொன்றும் 5 டன் தாங்கும். கொக்கியில் அவற்றினிடையே உள்ள கோணம் 120 டிகிரியாக விரிந்தாலோ, ஒவ்வொன்றின்மீதும் 10 டன் இழுப்பு விழும். கல்லின் எடை ஒரு குன்றிமணியும் கூடவில்லை. ஆயினும் 6 டன்னுக்கென்று செய்த சங்கிலி வரம்பை மீறி உழைக்கிறது. தேய்ந்த கண்ணி ஒன்றிருந்தால் அங்கேதான் அறும்.

சட்டம் இதை அறியாமலில்லை. பாரந்தூக்கும் யந்திரம், சங்கிலி, கயிறு ஆகியவற்றை வருஷத்துக்கு ஒருமுறையேனும் தகுதியுடையோர் சோதிக்க வேண்டும் என்றும், குறித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றலாகாது என்றும் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளுக்கு விதித்தது. குவாரிகளுக்கென 1952-இல் சுரங்கச் சட்டம் வந்தது. அவற்றுக்கு முன்பே, 1923-ஆம் வருஷத்து நஷ்ட ஈட்டுச் சட்டம், கட்டை விரலோ கையோ போனால் சம்பாதிக்கும் சக்தி நூற்றுக்கு இத்தனை பங்கு குறைந்ததாக மதிப்பிட்டது. ஆனால் பதிவேட்டில் பெயரில்லாத கூலியாளுக்கு, தான் அங்கே வேலை செய்ததை நிரூபிப்பதே பெரும்பாடு. அவன் கையை நம்பியிருந்த மனைவி மக்கள் அதற்குள் கடன்பட்டுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. தூக்குமுன் ஒவ்வொரு கண்ணியையும் பார்த்தல். சங்கிலியின் கோணம் விரியாமல் நீளமாகக் கட்டுதல். சைகை காட்டும் பொறுப்பை ஒருவரிடமே விடுதல். தொங்கும் கல்லின் கீழும் அருகிலும் எவரும் நில்லாமை. ஒவ்வொரு கூலியாளின் பெயரையும் ஏட்டில் எழுதுதல். இவற்றால் அரைமணி நேரம் தாமதமாகலாம். அந்த அரைமணிக்கு முதலாளிகள் மனமிசைய வேண்டும். கல் வாங்கும் நாமும், விலையையும் நாளையும் மட்டுமே நெருக்காமல், அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.