ரீல்ஸ் டூ ரியாலிட்டி ஷோ: வைரல் ஆனவர்களை டிவி தேடிப் பிடிப்பது ஏன்? வீட்டுக்குள் போனதும் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு வருஷமும் பிக்பாஸ் தமிழ் தொடங்கும் நாளில் வீட்டில் ஒரு காட்சி நடக்கும். மேடையில் ஒருவர் வந்து நிற்பார். "யாருப்பா இது?" என்று அம்மா கேட்பார். "இவரைத் தெரியாதா? இன்ஸ்டாவில் செம ஃபேமஸ்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கும் இரண்டு தலைமுறைக்கு ஒரே ஆள், ஒருவருக்கு ஸ்டார், இன்னொருவருக்கு யாரோ.

சினிமா, சீரியல் முகங்களை மட்டுமே நம்பியிருந்த ரியாலிட்டி ஷோக்கள் ஏன் யூடியூப், இன்ஸ்டாகிராம் பக்கம் திரும்பின? போனில் ஜெயித்தவர்கள் டிவியிலும் ஜெயிக்கிறார்களா? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே தொடங்கியது?

பிக்பாஸின் மூலம் நெதர்லாந்தில் 1999ல் தொடங்கிய 'பிக் பிரதர்'. முன்பின் தெரியாத சாதாரண ஆட்களை ஒரு வீட்டில் அடைத்து கேமரா வைப்பதுதான் அதன் அடிப்படை. இந்தியாவுக்கு 2006ல் 'பிக் பாஸ்' என்று இந்தியில் வந்தபோது, சாதாரண ஆட்களுக்குப் பதில் பிரபலங்கள் உள்ளே போனார்கள். தமிழில் 2017 ஜூன் 25ஆம் தேதி கமல்ஹாசன் தொகுத்து வழங்க, விஜய் டிவியில் தொடங்கியது.

முதல் சீசனில் பாதை பெரும்பாலும் நேர்மாறாக இருந்தது. அப்போது டிவிதான் இணையப் புகழை உருவாக்கியது. நடிகை ஓவியாவுக்கு ட்விட்டரில் 'ஓவியா ஆர்மி' கிளம்பியது அவர் வீட்டுக்குள் போன பிறகுதான். இன்று அப்படியில்லை. ஆர்மியைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் போட்டியாளரே உள்ளே வருகிறார்.

டிவிக்கு இதில் என்ன லாபம்?

முதல் காரணம், ரெடிமேட் ரசிகர் கூட்டம். ஒரு புது முகத்தை மக்களுக்குப் பழக்கப்படுத்த சேனலுக்குப் பல வாரம் ஆகும். வைரல் ஆனவருக்கு அந்த வேலையே இல்லை. அவர் பெயரை அறிவித்த மறுநிமிஷமே மீம் பேஜ்கள் இலவசமாக விளம்பரம் செய்துவிடும்.

இரண்டாவது, டிவி முன் உட்காராத இளைஞர்கள். நிகழ்ச்சி இப்போது சேனலோடு நிற்பதில்லை. ஓடிடியில் ஓடுகிறது, ஒரு நிமிஷ கிளிப்களாக வெட்டப்பட்டு போனுக்கு வருகிறது. கேமரா முன் பத்து விநாடியில் கவனத்தை இழுக்கத் தெரிந்தவர்கள் அந்த கிளிப்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருப்பார்கள்.

மூன்றாவது காரணத்தை வெளியே யாரும் அதிகம் சொல்வதில்லை. பிடித்துப் பார்ப்பவரும், திட்டிக்கொண்டே பார்ப்பவரும் கணக்கில் ஒன்றுதான். விஜய் சேதுபதி தொகுத்து வழங்க, 2025 அக்டோபரில் தொடங்கிய 9வது சீசனில் 'வாட்டர்மெலன் ஸ்டார்' திவாகர் உள்ளே போனார். பிசியோதெரபிஸ்ட்டான அவர், தர்பூசணியை வைத்து சினிமா காட்சியை நடித்துக் காட்டிய வீடியோவால் பிரபலமானவர். அவரைக் கைதட்டி ரசித்தவர்களும் உண்டு, கலாய்ப்பதற்காகவே பின்தொடர்ந்தவர்களும் உண்டு. "இவர்களையெல்லாமா எடுப்பீர்கள்?" என்று சமூக வலைதளங்களில் கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியும் நிகழ்ச்சிக்குக் கிடைத்த விளம்பரம்தான்.

அவர்கள் ஏன் போகிறார்கள்?

லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ் இருப்பவருக்கு டிவி எதற்கு? பதில் 2020ல் இருக்கிறது. அந்த வருஷம் ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. பல வருஷம் சேர்த்த ரசிகர் கூட்டம் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. செயலி என்பது வாடகை வீடு மாதிரி, எப்போது வேண்டுமானாலும் காலி செய்ய வேண்டி வரும் என்பதை அன்றைக்குப் பலரும் உணர்ந்தார்கள்.

டிவி கொடுப்பது வேறு மாதிரியான அங்கீகாரம். ஊரில் இருக்கும் பெரியவர்கள், "வேலை வெட்டி இல்லாமல் போனைப் பார்த்துப் பேசுகிறான்" என்று சொன்னவர்கள், இப்போது டிவியில் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு சினிமா வாய்ப்பு, கடைத் திறப்பு, மேடை நிகழ்ச்சி என்று கதவுகள் திறக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

ஜி.பி.முத்து கதை சொல்வது என்ன?

தமிழில் இதற்குப் பெரிய உதாரணம் ஜி.பி.முத்து. தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிக்காரர். டிக்டாக்கில் அவருடைய வட்டாரப் பேச்சும் கோபமும் வைரல் ஆயின. தடைக்குப் பிறகு யூடியூபுக்கு மாறி, தனக்கு வரும் கடிதங்களையும் பார்சல்களையும் பிரித்துப் பார்க்கும் வீடியோக்களால் இன்னும் பெரிதானார். 2022 அக்டோபர் 9ஆம் தேதி தொடங்கிய 6வது சீசனில் முதல் போட்டியாளராக உள்ளே போனவர் அவர்தான்.

பல லட்சம் பேர் ஆதரவு, வெளியே ஓட்டுப் போட ஆள் ரெடி. ஆனால் இரண்டே வாரத்தில், குடும்பத்தையும் மகனையும் பார்க்க வேண்டும் என்று தானாகவே வெளியேறினார். அவரை யாரும் ஓட்டுப் போட்டு வெளியேற்றவில்லை.

இதே சீசனில் பொதுமக்கள் பிரிவிலிருந்து வந்த ஷிவின் இறுதிப் போட்டி வரை போனார். அந்த சீசனின் வெற்றியாளர் அசீம், சின்னத்திரை நடிகர்.

உள்ளே போகும்போது ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை டிக்கெட் மாதிரி உதவும். உள்ளே தாக்குப்பிடிக்க வேறு ஒன்று வேண்டும் என்பதைத்தான் இந்த ஒரு சீசன் காட்டியது.

அந்த 'வேறு ஒன்று' எது?

ரீல்ஸ் போடுபவர் கையில் மூன்று விஷயம் இருக்கிறது: எப்போது கேமரா ஆன் செய்வது, எதை வெட்டுவது, எதைப் போடாமல் விடுவது. பிக்பாஸ் வீட்டில் மூன்றுமே கையை விட்டுப் போய்விடும். கேமரா எப்போதும் ஆனில் இருக்கும். ஒரு நாள் முழுக்க நடந்ததில் சுமார் ஒரு மணி நேரம்தான் எபிசோடாக வரும். அந்த ஒரு மணி நேரம் எது என்பதை முடிவு செய்வது எடிட்டிங் டேபிள்.

போனும் கையில் இருக்காது. லைக் வருகிறதா, மக்கள் திட்டுகிறார்களா எதுவும் தெரியாது. தினமும் கமெண்ட் பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்டே பழகியவருக்கு இது கண்ணைக் கட்டி விட்டது போல. வார இறுதியில் தொகுப்பாளர் சொல்லும் நாலு வார்த்தை மட்டும்தான் வெளியுலகச் செய்தி.

அப்போ யூடியூபர்கள் ஜெயித்ததே இல்லையா?

ஜெயித்திருக்கிறார்கள். 2023ல் ஜியோ சினிமாவில் ஓடிய இந்தி 'பிக் பாஸ் ஓடிடி 2'ல் யூடியூபர் எல்விஷ் யாதவ் நடுவில் வைல்டு கார்டாக வந்து, ஆகஸ்ட் 14ஆம் தேதி பட்டம் வென்றார். இரண்டாம் இடம் பிடித்த அபிஷேக் மல்ஹானும் யூடியூபர்தான்.

காரணம் சிம்பிள். அது முழுக்க ஓடிடி நிகழ்ச்சி. பார்ப்பதும் போனில், ஓட்டும் போனில். யூடியூப் ரசிகர்கள் ஏற்கெனவே இருந்த இடத்துக்கே போட்டி வந்துவிட்டது. தமிழில் டிவி பார்க்கும் குடும்பங்களும் ஓட்டுப் போடுகின்றன. அவர்களுக்கு அந்தப் புகழ் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது அடுத்த கட்டமும் வந்துவிட்டது. அமெரிக்க யூடியூபர் மிஸ்டர் பீஸ்ட், 1,000 போட்டியாளர்களை வைத்து 'பீஸ்ட் கேம்ஸ்' என்ற ரியாலிட்டி ஷோவையே உருவாக்கினார். 2024 டிசம்பரில் அமேசான் பிரைமில் வெளியானது. டிவி கூப்பிடுமா என்று காத்திருந்த காலம் போய், யூடியூபரே ஷோ நடத்தும் காலம் வந்திருக்கிறது.

வெளியே வந்த பிறகு?

ஜி.பி.முத்து திரும்பி வந்ததும் யூடியூப் அவருக்காகக் காத்திருந்தது. அவர் நடித்த 'ஓ மை கோஸ்ட்' படம் வெளியானது, 2023ல் 'குக் வித் கோமாளி' 4வது சீசனில் கோமாளியாக வந்தார். பாதியில் வந்தாலும் அவர் தோற்கவில்லை, ஏனென்றால் திரும்பிப் போக அவருக்கென்று ஓர் இடம் இருந்தது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. ஒரே ஒரு வீடியோவால் வைரல் ஆனவர்கள் இருக்கிறார்கள். ஷோ முடிந்து அடுத்த சீசனுக்குப் புது முகங்கள் வந்ததும் கேமரா அந்தப் பக்கம் போய்விடும். கேலி மட்டும் இணையத்தில் அப்படியே இருக்கும். அதை அவருடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் யாரோ ஒருவர் எடுத்துக் காட்டுவார்.

நம் பங்கு என்ன?

"தகுதியே இல்லாதவர்களை டிவி எடுக்கிறது" என்று கமெண்ட் போடுகிறோம். ஆனால் யாரை எடுக்கலாம் என்ற பட்டியலை ஒரு வகையில் நாம்தான் தயாரித்துக் கொடுக்கிறோம். "இந்த ஆளைப் பாரேன்" என்று சிரித்துக்கொண்டே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாம் தட்டிவிடும் ஒவ்வொரு ஷேரும் ஒரு ஓட்டு. பிடித்தவரைப் பாருங்கள், ஓட்டுப் போடுங்கள். கலாய்ப்பதற்காக ஒருவரை ஷேர் செய்யும்முன் மட்டும் ஒரு நொடி யோசியுங்கள்: இவர் ஜெயிக்க வேண்டும் என்று அனுப்புகிறோமா, இவர் விழுவதைப் பார்க்க அனுப்புகிறோமா?