கார்டு எந்த ஊரில் இருக்கிறது?

நகரமும் நலனும் – 9

டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில் நடந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். நிவாரணப் பணத்துக்குச் சாதாரண பட்டன் போனிலிருந்து விண்ணப்பம். வாக்காளர் பதிவில் இருந்த தொழில் விவரத்தை வைத்துத் தேர்வு. பெண்களுக்கு மாதம் 12,250 பிராங்க், ஆண்களுக்கு 10,500 பிராங்க், நேரே போனுக்கு. 'நம்மிடம்தான் ரேஷன் கடை இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?' என்று வாசகர்களுக்குத் தோன்றியிருக்கும். நியாயமான கேள்வி. அதனால் இந்த வாரம் சென்னை.

ரேஷன் கடைக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிட வேண்டும். 2020 மார்ச் 24 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் 3,280 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தார். அரிசி கார்டு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,000 ரூபாய். ஏப்ரல் மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசம். ஏப்ரல் 2 அன்று பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். யாருக்குக் கொடுப்பது என்று பல நாட்டு அரசுகள் பட்டியல் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. மத்திய அரசு ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் போட்டது. அதை எடுக்க வங்கி வாசலில் நிற்க வேண்டும். இங்கே பணம் தெருமுனைக் கடையில், கையில் நோட்டாகக் கிடைத்தது. டோக்கனில் நாளும் நேரமும் எழுதியிருக்கும். கடை வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருப்பார்கள். வட்டத்துக்குள் நின்று, கார்டை நீட்டி, வாங்கிக்கொண்டு போகலாம். பல ஆண்டுகளாகப் 'பொது விநியோகத்தை எல்லோருக்கும் கொடுப்பது வீண்செலவு' என்று சொல்லிவந்த நிபுணர்கள் அந்த ஏப்ரலில் இந்த வட்டங்களைப் பார்த்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் கார்டு இருந்ததால்தான் அவ்வளவு விரைவாகப் பணத்தை இறக்க முடிந்தது.

சிக்கல் ஜூனில் வெளிப்பட்டது.

சென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, திரு.வி.க. நகர் மண்டலங்களில் தொற்று ஏறிக்கொண்டே போனது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும், திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் சென்னையை ஒட்டிய பகுதிகளிலும் முழு ஊரடங்கு. அந்தப் பகுதிகளின் அரிசி கார்டுகளுக்கு இன்னொரு 1,000 ரூபாய். ஊழியர்கள் அதை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாருடைய வீட்டுக்கு?

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, சாலிகிராமத்தில் ஒற்றை அறை எடுத்து, கட்டட வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டு ஊரில், மாமியார் வீட்டு முகவரியில் இருக்கிறது. ஏப்ரல் பணம் மாநிலம் முழுவதற்கும் என்பதால், ஊரில் இருக்கும் பெரியவர்கள் அதை வாங்கியிருப்பார்கள். ஜூன் பணம் அந்த கார்டுக்குக் கிடையாது. ஏனென்றால் விழுப்புரத்தில் அந்த ஊரடங்கு இல்லை. ஊரடங்கில் அடைபட்டவர்கள் சென்னையில், கார்டு விழுப்புரத்தில். ஊருக்குப் போகலாமென்றால் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். வேலை நின்றது சென்னையில், வாடகை கேட்டது சென்னையில், காய்ச்சல் வந்தால் படுக்க வேண்டியதும் சென்னையில்தான். அந்தப் பன்னிரண்டு நாளும் அரசின் கணக்கில் இந்தக் குடும்பம் சென்னையிலேயே இல்லை.

'முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே' என்பது சொல்ல எளிது. கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தம் எழுதித் தரச் சொன்னால் 'வேறு வீடு பார்த்துக்கோம்மா' என்பார். ஆறு மாதத்துக்கொரு தடவை வீடு மாறுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கார்டை மாற்றிக்கொண்டு திரிய முடியுமா? பாலத்தடியிலும் நடைபாதையிலும் படுக்கிறவர்களுக்கு மாற்றுவதற்கு முகவரியே கிடையாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்கு 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய் என்று அறிவித்தார்கள். பணம் இல்லை. சொந்த ஊருக்கு அனுப்பக் காசில்லாமல் கையில் அரிசியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய கவலை அந்த அறிவிப்பை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நோய்க்காலத்துப் பணத்தை 'உதவித்தொகை' என்று மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. அந்தப் பணத்துக்கு ஒரு வேலை இருக்கிறது: நோய் வந்தவரை வீட்டுக்குள் இருக்க வைப்பது. அந்த நாட்களில் சென்னையில் ஒரு வீட்டில் தொற்று என்றால் கதவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், சில தெருக்களில் தகரம் வைத்தே அடைத்தார்கள். குடும்பம் முழுவதும் 14 நாள் வெளியே வரக் கூடாது. மாநகராட்சி தன்னார்வலர்களை நியமித்தது. காய்கறி, மருந்து, பால் எது வேண்டுமென்றாலும் வாசலில் நின்று கேட்டு, வாங்கி வந்து கொடுப்பார்கள். அருமையான ஏற்பாடு, அந்தப் பையன்களும் பெண்களும் பயமில்லாமல் உழைத்தார்கள். ஆனால் வாங்கி வருவதற்கான காசை அந்த வீடுதான் கொடுக்க வேண்டும். அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டில் மூன்றாம் நாளே அது தீர்ந்துவிடும். பிறகு என்ன நடக்கும்? காய்ச்சல் என்று யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்கள். இதைப் பொறுப்பின்மை என்று அன்று தொலைக்காட்சியில் திட்டினோம். பதினான்கு நாள் கூலியை யாராவது கையில் கொடுத்திருந்தால் அவர்கள் ஏன் கிளம்பப்போகிறார்கள்?

அளவும் போதவில்லை. நகரத்தில் முதல் செலவு வாடகை. சாலிகிராமமோ வியாசர்பாடியோ, 1,000 ரூபாயை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்காரரிடமும் பேச முடியாது. தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது. அதைக் காட்டி வாடகையை நிறுத்திவைக்கும் துணிச்சல் எந்தக் குடித்தனக்காரருக்கு வரும்? மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் சொந்தக் குடியிருப்பும் கார்டும் இருந்தவர்களுக்கு வாடகைத் தொல்லை இல்லை. அவர்கள் வீட்டு வேலைக்குப் போகும் இடங்களோ பல கிலோமீட்டர் தள்ளி இருந்தன. மாநகரப் பேருந்து மீண்டும் ஓடியது செப்டம்பர் 1 அன்று. ஐந்து மாதத்துக்கும் மேல் பேருந்து இல்லாத ஊரில், அவர்கள் கார்டுக்குக் கிடைத்த பணம் ஏப்ரலில் ஒரு ஆயிரம், ஜூனில் ஒரு ஆயிரம். தெருவோர வியாபாரிகளுக்கென்று ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த 10,000 ரூபாய் கடன் திட்டத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. கடன் கடன்தான்.

2021 மே மாதம் தொகை கூடியது. 7ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்ற மு.க. ஸ்டாலின் அன்றே போட்ட கையெழுத்துகளில் ஒன்று, அரிசி கார்டுகளுக்குத் தலா 4,000 ரூபாய். முதல் தவணை 2,000, அந்த மாதமே. 2 கோடியே 7 லட்சம் குடும்பங்கள். இரண்டாம் தவணையோடு ஜூனில் 14 வகை மளிகைப் பொருளும் சேர்ந்து வந்தது. தொகை 2020 ஏப்ரலில் கொடுத்ததைப் போல் நான்கு மடங்கு. பட்டியல் பழையதுதான்: கார்டு.

அந்தப் பட்டியலைத் திறக்க முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. திருநங்கையரில் பெரும்பாலானோருக்கு அப்போது கார்டு இருக்கவில்லை. குடும்பத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்குக் குடும்ப அட்டை எங்கிருந்து வரும்? செயற்பாட்டாளர் கிரேஸ் பானு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கார்டு இல்லாவிட்டாலும் திருநங்கையர் நலவாரியத்தில் பதிந்திருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் தவணை 2,000 ரூபாயைக் கொடுக்க அரசு முன்வந்தது. புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. வாரியத்தின் பதிவேடு முன்பே இருந்தது. அதைக் கார்டுக்குச் சமமாக ஏற்றுக்கொண்டால் போதுமாயிருந்தது.

அதே போன்ற பதிவேடுகள் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும், ஆட்டோ ஓட்டுநர்களுக்கும், நடைபாதை வியாபாரிகளுக்கும் உண்டு. ஏப்ரல் 2020இல் அவற்றில் பதிந்தவர்களுக்குத் தனியாக 1,000 ரூபாய் கிடைத்தது. சாலிகிராமத்துக் குடும்பத் தலைவர் கட்டுமான நலவாரியத்தில் பதிந்து, பதிவைக் காலாவதியாகாமல் புதுப்பித்தும் வைத்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும். சித்தாள் வேலைக்கு வரும் அவர் மனைவியைப் பதிய வைக்க யாராவது முயன்றார்களா? அந்த வாரியத்தின் உள்ளே எப்படி வேலை நடக்கிறது, பதிவு ஏன் விட்டுப்போகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)