சுட்டிகளுக்கான முழுவெண் வகை
இயங்குதளக் கருனியில் நினைவக முகவரியைக் கொண்ட சுட்டியைச் சில வேளைகளில் முழுவெண்ணாக மாற்ற வேண்டியுள்ளது. பக்க எல்லையைக் கணக்கிடுதல், முகவரியின் கடைசி பிட்டுகளில் குறிகளைப் பொதித்தல் என்பன எடுத்துக்காட்டுகள் ஆகும்.

லினக்ஸ் கருனியில் இதற்குப் பெரும்பாலும் அன்சைன்ட் லாங் வகையே பயன்படுகின்றது. லினக்ஸ் இயங்கும் 32-பிட், 64-பிட் கணினிகளில் லாங் வகையும் சுட்டியும் வழமையாக ஒரே அளவின. இன்ட் வகையோ இரண்டிலும் 32 பிட்டே. 64-பிட் முகவரியை அதில் இட்டால் மேற்பாதி இழக்கப்பட்டு, மீளப் பெறும் சுட்டி வேறோர் இடத்தைக் காட்டும். தாழ்ந்த முகவரிகளில் மட்டும் சோதித்தால் இப்பிழை வெளிப்படாது. இதுவே இதன் ஆபத்து.

64-பிட் விண்டோசில் லாங் 32 பிட்டே ஆதலால் யூலாங்_பிடிஆர் என்னும் தனி வகை உண்டு. 1999 ஆம் ஆண்டின் சி மொழித் தரம் யூஇன்ட்பிடிஆர்_டி வகையை வரையறுத்தது, எனினும் கட்டாயமாக்கவில்லை. செரி எனப்படும் செயலிக் கட்டமைப்பில் 64-பிட் முகவரியுடன் அணுகல் எல்லைகளும் சேர்ந்து சுட்டி 128 பிட் ஆவதால், லினக்சின் வழக்கம் அங்கு பொருந்தாது.