எரிவாயு வருமுன் எழுதி வைக்க வேண்டியவை

2008 இல் விடத்தல்தீவை விட்டு வெளிக்கிட்டபோது அப்பா படகையும் எஞ்சினையும் கரையில் விட்டுவிட்டுத்தான் வந்தார். பதிவுப் புத்தகம் எந்த இடப்பெயர்வில் தொலைந்தது என்று அம்மாவுக்கும் தெரியாது. மீள்குடியேறிய பிறகு நிவாரணப் படிவத்துடன் போன அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, "படகு இருந்ததற்கு என்ன அத்தாட்சி?" என்பதுதான். முப்பது வருடம் கடலுக்குப் போனவரிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை.

மன்னார்ப் படுகையில் எண்ணெய், எரிவாயு என்று செய்தி வரும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இதுவரை நடந்தது

1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளையிட்டார்கள். வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை. 2011 இல் கெய்ர்ன் நிறுவனம் டொராடோ, பரக்குடா என்ற இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. அங்கே கடலின் ஆழமே 1,300 மீற்றருக்கு மேல். எண்ணெய் விலை சரிந்திருந்த 2015 இல் அந்த நிறுவனம் விலகிப் போனது. 2021 இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. அதன்கீழ் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை இயங்குகிறது.

வாயு இன்னும் கடலுக்கு அடியில்தான் இருக்கிறது. அது வராமலும் போகலாம். ஆனால் வந்தபின் ஆயத்தமாவது பலன் தராது என்பதை மற்றவர்களின் அனுபவம் காட்டுகிறது.

இரண்டு கரைகள்

ஸ்கொட்லாந்தின் வடக்கே உள்ள ஷெட்லாண்ட் தீவுகளின் உள்ளூராட்சி சபை, எண்ணெய் கரைக்கு வருவதற்கு முன்பே, 1974 இல் தனக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தது. துறைமுகக் கட்டுப்பாடு சபையின் கையில் இருந்தது. கம்பனிகளிடமிருந்து கிடைத்த பணம் தீவு மக்களுக்கான நிதியமானது. எண்ணெய் 1978 இல்தான் அங்கு வந்து இறங்கியது.

தன்சானியாவின் தென்கோடியில் உள்ள ம்ட்வாராவில் நடந்தது வேறு. தங்கள் கரையின் வாயு குழாய் வழியாக டார் எஸ் சலாமுக்குப் போகப்போகிறது என்று அறிந்த மக்கள் 2013 இல் வீதிக்கு இறங்கினார்கள். கலவரத்தில் உயிர்கள் போயின. குழாய் போடப்பட்டது.

தொழிலாளர் செய்யக்கூடியது

நில அதிர்வு ஆய்வுக் கப்பல் பல கிலோமீற்றர் நீளமான கேபிள்களை இழுத்துக்கொண்டு ஓடும். அந்தப் பாதையில் வலை போட முடியாது. துளையிடும் மேடையைச் சுற்றி 500 மீற்றர் வரை பாதுகாப்பு வலயம் அமைக்க சர்வதேச கடற்சட்டம் இடம் தருகிறது. தொழில் நட்டம் என்று கேட்கப்போனால், "நீங்கள் அங்கே தொழில் செய்ததற்கு என்ன அத்தாட்சி?" என்ற கேள்வி மறுபடி வரும்.

ஆகவே இப்போதே ஒரு சீ.ஆர். கொப்பி போதும். திகதி, போன இடம், வலை, பிடிபட்ட மீன், விற்ற விலை. மாதம் ஒருமுறை கடற்றொழில் கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரை. கருவாடு போடும், வலையில் மீன் கழற்றும் பெண்களின் பெயரும் சங்கப் பதிவில் இருக்கவேண்டும். போரில் கணவரை இழந்து வாடியில் கூலிக்கு நிற்கும் பெண்ணின் பெயர் படகுப் பதிவில் இராது. அங்கே மட்டும் பார்த்தால் அவர் நட்டப்பட்டவராகவே தெரியமாட்டார்.

வியாபாரிகளும் இளைஞர்களும்

மேடையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அனுபவசாலிகள். உள்ளூருக்கு எட்டக்கூடியது சாப்பாடு, மரக்கறி, வாகனம், தங்குமிடம், ஒட்டுவேலை, காவல் போன்றவை. அதற்கும் வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு, சுகாதாரச் சான்று வேண்டும். பெரிய கம்பனிகள் பணத்தை உடனே தருவதில்லை. இரண்டு மூன்று மாதம் தாங்கும் கைமுதல் இல்லாத கடை கடனில் மூழ்கும். பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு சங்கமாக விநியோகித்தால் தாங்கலாம். ஒட்டுவேலை தெரிந்த பெடியனிடம் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இல்லையென்றால் கேற்றோடு திரும்ப வேண்டியதுதான்.

கேட்க வேண்டியது

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால், கருத்துச் சொல்ல இருப்பது 30 நாட்கள். அந்த அவகாசத்தில் பெரிய அறிக்கையைப் படித்து விளங்கிக்கொள்ள ஊருக்குள் ஆட்கள் வேண்டும். அவர்களை இப்போதே தேடிவைக்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, எங்கள் கடலில் யாருக்கு என்ன அனுமதி கொடுக்கப்பட்டது என்று தமிழிலேயே கேட்கலாம்.

வாயு வராவிட்டாலும் இந்தப் பதிவுகள் வீணாகாது. இழுவைமடி வலையை அறுத்தாலும், 2021 இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்ததுபோல் இன்னொரு கப்பல் எரிந்தாலும் முதலில் கேட்பது அதே அத்தாட்சியைத்தான்.

அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. தம்பி போகிறான். அவன் கரைக்கு வந்ததும், கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வாடிக்குப் போகிறவர் அப்பாதான்.